கிளாஸ்ல கயிறு பத்தி பேசலாமா? பிளஸ் ஒன் டிஸ்கஷனுக்கு ஐடியா வேணும்

பதிவிட்டவர்: பிளஸ்ஒன்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்துல ஒரு ஸ்கூல்ல பிளஸ் ஒன் படிக்கேன், ஊர் பேரு ஸ்கூல் பேரு சொல்லல, கேக்காதீங்க ப்ளீஸ்.

எங்க தமிழ் டீச்சர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி பீரியட்ல சமூகப் பிரச்சினை ஒண்ணு எடுத்து ஒரு ஆள் பத்து நிமிஷம் பேசணும், அப்புறம் எல்லாரும் சேர்ந்து பேசணும்னு ஆரம்பிச்சிருக்காங்க. இதுவரைக்கும் செல்போன் நல்லதா கெட்டதா, பிளாஸ்டிக், மழைநீர் இதெல்லாம் முடிஞ்சிருச்சு. அடுத்து என் முறை. நான் எங்க கிளாஸ்ல இருக்க பிரச்சினையத்தான் பேசணும்னு நினைக்கேன். கயிறு.

இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக சொல்லுதேன். பசங்க கையில ரெண்டு கலர் சேத்து முறுக்குன கயிறு கட்டியிருப்பாங்க, அந்த கலர பாத்தாலே யாரு எந்த ஆளுங்க, அதாவது எந்த சாதின்னு தெரிஞ்சிரும். ஹெச்.எம் அவுக்க சொன்னா அவுத்துருவாங்க, ஆனா பஸ் ஸ்டாப்புல திரும்ப கட்டிருவாங்க, இல்லன்னா சட்டைக்குள்ள பனியன் அந்த கலர்ல இருக்கும், ஜாமெட்ரி பாக்ஸ்ல ஸ்டிக்கர் இருக்கும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாட்டு ஓடும். பொண்ணுங்க கயிறு கட்டுறதில்ல, அதுக்காக எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது.

ஆறாவதுல இருந்து எனக்கு ஒரு ஃபிரண்ட் இருந்தா. அவ வீடு வேற தெரு. மதியம் ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுவோம். ஒன்பதாவது படிக்கும்போது எங்க பெரியப்பா பையன் அத பாத்துட்டு வீட்ல சொல்லிட்டான், அன்னைக்கு பெரிய சத்தம். மறுநாள் நான் தனியா போயி சாப்பிட்டேன். அவ ஏன்னு கேக்கல. இப்பவும் அதே கிளாஸ்லதான் இருக்கா, நோட்டு கேட்டா குடுப்பா, அவ்வளவுதான்.

டீச்சர்ட்ட இந்த தலைப்ப சொன்னேன், வேண்டாம்மா பிரச்சினை வரும்னுட்டாங்க, ஆனா முகத்த பாத்தா அவங்களுக்கும் ஆசை இருக்குன்னு தோணுச்சு. பட்டிமன்றம் மாதிரி ரெண்டு அணி வச்சு பேசலாமான்னு யோசிச்சேன். எப்படி பேசினா சண்டை வராம இருக்கும், என்ன விஷயமெல்லாம் சொல்லலாம், யாராவது சொல்லுங்க.

---

பதில்: பொட்டல்காடு_88

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன், நான் கயிறு கட்டுன ஆள். 2004, 2005 வாக்குல பிளஸ் டூ. இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன், எனக்கு ஒரு பையன் இருக்கான், ஏழாவது.

எப்படி கட்டுனேன்னு சொல்றேன், ஏன்னா உன் கிளாஸ்ல கட்டியிருக்கவனும் இப்படித்தான் கட்டியிருப்பான். நானா போயி வாங்கல. ஊர்ல கோவில் கொடைக்கு, அதான் திருவிழாவுக்கு, முந்துன வாரம், எங்க ஊரு அண்ணன்மாரு நாலஞ்சு பேரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து இருந்தாங்க, அவங்க எல்லாருக்கும் இருபது இருபத்தஞ்சு வயசு இருக்கும், பாதி பேரு வேலைக்கு போகல. கைய நீட்டுலன்னு சொன்னாங்க நீட்டுனேன், கட்டி விட்டாங்க. அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு இப்ப சொல்ல வெக்கமா இருக்கு. அதுவரைக்கும் என்ன யாரும் ஒரு ஆளா மதிச்சதில்ல, படிப்பு சுமார், கபடி டீம்லயும் எடுக்க மாட்டாங்க, அந்த கயித்த கட்டுன உடனே பஸ்ல பின்னாடி சீட்ல எடம் குடுத்தாங்க, யாராவது எதாவது சொன்னா கேக்க பத்து பேரு இருக்காங்கன்னு தோணுச்சு. சாதி பெருமை எல்லாம் எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது, எனக்கு பஸ்ல எடம் கிடைச்சுது அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அந்த எடத்துக்கு வாடகை கேக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அவன் சைக்கிள்ல காத்த புடுங்கி விடு, நாளைக்கு அவன் பைய தூக்கிட்டு வர சொல்லு, இப்படி. நான் செஞ்சேன். என் கூட படிச்ச ஒரு பையன், ரொம்ப நல்லா படிப்பான், அவன ஒரு வருஷம் முழுக்க எங்களுக்கு கடைக்கு போயி மிக்சர் வாங்கிட்டு வர வச்சோம். அவன் வாங்கிட்டு வந்து குடுத்துட்டு மீதி சில்லறைய எண்ணி கையில வைப்பான் பாரு, அது இப்பவும் கண்ணுல நிக்குது. அவன் எங்க இருக்கான்னு பல தடவ தேடி பாத்துட்டேன், கிடைக்கல.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரி விஷயம் வந்தப்ப நான் ரெண்டு நாள் வேலைக்கு போகல தங்கச்சி. அதுலயும் இப்படித்தான், அங்க ஒரு பையன கூட படிக்கிற பசங்க வேல ஏவுறது மிரட்டுறதுன்னு இருந்திருக்காங்க, அவன் ஸ்கூலுக்கு போறதையே நிறுத்திட்டான், டீச்சர் கூப்பிட்டு கேட்டதும் நடந்தத எழுதி குடுத்திருக்கான், அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குள்ள புகுந்து அருவாளால வெட்டிட்டாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டிட்டாங்க. வெட்டுனவனுங்க பதினாறு பதினேழு வயசு பசங்க. எனக்கு எங்க உதறுச்சுன்னா, 2005ல அந்த பையன் எங்கள பத்தி எழுதி குடுத்திருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு யோசிச்சு பாத்தேன், என்னால பதில் சொல்ல முடியல.

அந்த நாங்குநேரி தம்பி அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை எழுதி 600க்கு 469 எடுத்தான். கை சரியாகாம வேற ஒருத்தர் உதவியோட எழுதுனான்.

நீ பேசு. ஆனா கட்டியிருக்கவன கெட்டவன்னு ஆரம்பிச்சேன்னா அவன் காது அங்கயே அடைஞ்சிரும். கட்டி விட்டது யாருன்னு கேளு.

---

பதில்: கணக்கு_வாத்தியார்

மகளே, 26 வருஷமா அரசுப் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கிறேன், அதுல 19 வருஷம் தென் மாவட்டத்துலதான். பட்டிமன்றம் வேண்டவே வேண்டாம். ரெண்டு அணின்னு வச்சா ஒருத்தர் எழுந்து கயிறு கட்டுறது சரின்னு பேசியே ஆகணும், கைதட்டல் வேற விழும். அந்த கைதட்டல கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க பிள்ளைங்கள நினைச்சு பாரு. எல்லா விஷயத்துக்கும் ரெண்டு பக்கம் இருக்குன்னு நாங்கதான் உங்களுக்கு சொல்லிக் குடுத்தோம், இதுக்கு அது பொருந்தாது.

நாங்குநேரிக்கு அப்புறம் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமைல ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல அவர் முதலமைச்சர்கிட்ட அறிக்கை குடுத்தாரு. அத வச்சு நீ பேசலாம், அது ஒரு பொது ஆவணம், யாரும் உன்ன குத்தம் சொல்ல முடியாது. கலர் கயிறு, மோதிரம், நெத்தில அடையாளம், சைக்கிள்ல சாதி கலர் இதெல்லாம் கூடாதுன்னு இருக்கு, பத்திரிகைல அதத்தான் பெருசா போட்டாங்க. ஆனா அதுல நிறைய எங்கள பத்தினது. வருகைப் பதிவேட்டுல சாதி விவரம் இருக்கக்கூடாது, பிள்ளைங்கள அகர வரிசைல உக்கார வைக்கணும், சாதியச் சொல்லி நேராவோ சுத்தி வளைச்சோ பிள்ளைங்கள கூப்பிடக்கூடாது, ஒரு ஏரியால எந்த சாதி அதிகமோ அந்த சாதில இருந்தே அங்க ஹெச்.எம், கல்வி அதிகாரி போடக்கூடாது, பள்ளிக்கூடத்து பேர்ல இருக்க சாதிய எடுக்கணும், இப்படி.

உதவித்தொகை பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அது நான் செஞ்ச தப்பு. பல வருஷம், எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்தா கிளாஸ்ல நின்னு லிஸ்ட்டு படிச்சு இவங்கள்லாம் எந்திரிங்க, நாளைக்கு சாதி சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, வேலை சீக்கிரம் முடியணும்னு செஞ்சது. ஒரு வருஷம் ஒரு பொண்ணு பேர படிச்சேன், அவ எந்திரிக்கல. ரெண்டு தடவ படிச்சேன், தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னு, சார் எனக்கு அந்த பணம் வேண்டாம், பேர எடுத்துருங்கன்னு சொன்னா. அவ அப்பா செங்கச்சூளைல வேலை பாக்குறவரு, அந்த பணம் அவங்களுக்கு சின்ன விஷயம் இல்ல. அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளைக்கு அவ யாருன்னு தெரியாது, நான் தெரிய வச்சுட்டேன். பசங்க கையில கயித்த பாத்து அவுருடான்னு அதட்டுறேன், ஆனா நான் வாயாலயே கட்டி விட்டிருக்கேன்.

இப்ப விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, கிளாஸ்ல கேக்க வேண்டிய அவசியமே கிடையாது. அப்படியும் கேக்குற ஆசிரியர்கள் இருக்காங்க.

உங்க டீச்சர் வேண்டாம்னு சொன்னது பயத்துல. அவங்க மேல கோபப்படாத. இந்த மாதிரி பேசுன ஆசிரியர்கள் தனியா மாட்டிக்கிட்டத நான் பாத்திருக்கேன், ஊர்ல இருந்து நாலு பேரு வண்டில வந்து ஹெச்.எம் ரூம்ல உக்காந்துருவாங்க. அதனால முதல்ல ஹெச்.எம் கிட்ட சொல்லிட்டு செய்யுங்க.

---

பதில்: தூத்துக்குடி_வக்கீல்

சார் சொன்னத அப்படியே ஒத்துக்கிறேன், ஆனா கயித்த தடை பண்றதுல ஒரு சிக்கல் இருக்கு, அத மறைக்காம பேசணும். 2019லயே பள்ளிக்கல்வித் துறைல இருந்து கலர் கயிறு கட்டுறத தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போச்சு. கோவில் கயித்தையும் இதுல சேக்குறாங்கன்னு எதிர்ப்பு கிளம்புச்சு, பழைய நடைமுறையே தொடரும்னு அமைச்சர் சொல்லிட்டாரு, அதோட அது அமுங்கிப் போச்சு. 2022 ஏப்ரல்ல அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடில கயிறு விஷயமா பசங்களுக்குள்ள வந்த தகராறுல ஒரு பிளஸ் டூ பையன் செத்தே போனான். மாரியம்மன் கோவில் மஞ்சக் கயிறு எது, இது எதுன்னு எந்த வாத்தியாருக்கும் தெரியும், பிள்ளைங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி பேசுறது பெரியவங்கதான்.

அப்புறம் பேர மாத்துறது பத்தி உங்க வயசு பிள்ளைங்களுக்கு தெரியாத ஒரு கதை இருக்கு. ஒரு காலத்துல தமிழ்நாட்டுல பல மாவட்டத்துக்கும், அரசு பஸ் கழகத்துக்கும் தலைவர்கள் பேரு. திருநெல்வேலி வந்து நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், எங்க தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம். 1997ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு போக்குவரத்துக் கழகம்னு அறிவிச்சாங்க, வெள்ளைக்காரன எதிர்த்து செத்த ஒரு வீரன் அவரு, ஆனா அவரு தாழ்த்தப்பட்ட சாதின்னு சொல்லி அந்த பேரு போட்ட பஸ்ல ஏற மாட்டோம்னு கிளம்பிட்டாங்க, தென் மாவட்டமே பத்தி எரிஞ்சுது. கடைசில அரசாங்கம் எல்லா தலைவர்கள் பேரையும் மாவட்டத்துல இருந்தும் பஸ்ல இருந்தும் எடுத்துருச்சு. அப்ப நான் எட்டாவது. பஸ் கண்ணாடில பேர சுரண்டி எடுத்த தடம் ரொம்ப நாள் இருந்துச்சு. பேரு போச்சு, பஸ்ல யாரு எங்க உக்காருறதுங்கிறது போகல. 2025 மார்ச்ல ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுத பஸ்ல போயிட்டிருந்த பிளஸ் ஒன் பையன இறக்கி வெட்டுனாங்களே, விரல் துண்டாச்சே, அதுவும் பஸ்தான்.

சட்டம் ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், இத கிளாஸ்ல கட்டாயம் சொல்லும்மா. 18 வயசு ஆகல, என்ன பண்ணாலும் கூர்நோக்கு இல்லத்துல கொஞ்ச நாள் வச்சுட்டு விட்டுருவாங்கன்னு அந்த அண்ணன்மாரு பசங்களுக்கு சொல்லி அனுப்புறாங்க. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 16 வயசு முடிஞ்சவன் கொடுங்குற்றம் பண்ணா, அவன பெரியவனா வச்சு விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் பாத்து முடிவு பண்ணலாம். அருவாள எடுத்து குடுத்தவன் ஊர்ல மீட்டிங் பேசிட்டு இருப்பான், பையன் வாழ்க்கை போயிரும். நான் அந்த அம்மாமார கோர்ட்டு வராண்டால பாக்குறவன், வெட்டுப்பட்ட பையனோட அம்மா ஒரு தூண்கிட்ட, வெட்டுன பையனோட அம்மா இன்னொரு தூண்கிட்ட, ரெண்டு பேரும் பீடி சுத்துறவங்க.

யாராவது உன்ன மிரட்டுனா 1098க்கு போன் பண்ணலாம், பள்ளிக்கல்விக்குன்னு 14417 இருக்கு, சாதி வன்கொடுமை விஷயம்னா 14566. கிளாஸ் போர்டுல எழுதி வைங்க.

---

பதில்: ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா

எல்லாரும் ஆம்பளப் பசங்க கயித்தையே பேசுறீங்க. அந்தப் பிள்ள கேட்டது கயிறு, ஆனா சொன்னது டிபன் பாக்ஸ்.

நான் கோவில்பட்டி. எங்க வீட்ல நாலு டம்ளர் பின்கட்டுல தனியா தொங்கும், களை எடுக்க வாரவங்களுக்கு. சின்னப் பிள்ளைல நான் அதுல தண்ணி குடிச்சுட்டேன்னு எங்க ஆச்சி என்ன குளிக்க வச்சாங்க. அடிக்கல, திட்டல, ரொம்ப பிரியமா தலைக்கு ஊத்தி விட்டாங்க. அப்படித்தான் எனக்கு தெரிஞ்சுது. கயிறு கட்டுற வேலைய ஆம்பளைங்க ரோட்ல செய்றாங்க, நாங்க அடுப்படில செய்றோம். காலை சாப்பாட்டுத் திட்டம் வந்த புதுசுல, 2023ல, எட்டயபுரம் பக்கத்துல ஒரு ஊர்ல சமைக்கிற பொம்பளையோட சாதிய சொல்லி பிள்ளைங்கள சாப்பிட விடல, மந்திரி எம்.பி எல்லாம் போயி பிள்ளைங்க கூட உக்காந்து சாப்பிட்டாங்க. ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்கு பசிதான் தெரியும், சாப்பிடாதன்னு சொல்லி அனுப்புனது அம்மாதானே.

கண்ணு, நீ பேச்சே பேசாத. ஒரு கேள்வி மட்டும் வை. உன் சாதி என்னன்னு உனக்கு முதல்ல எப்ப தெரிஞ்சுது, எப்படி தெரிஞ்சுது? பேரு போடாம ஒரு துண்டு பேப்பர்ல எழுத சொல்லு. சாதி பேர எழுதக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிரு, நடந்தத மட்டும். டீச்சர் வாங்கி கலந்து வாசிக்கட்டும். யாரும் யாரோடயும் வாதாட வேண்டியதில்ல.

---

பதில்: கணக்கு_வாத்தியார்

அம்மா சொன்னது எனக்கு தோணல. நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும், சின்ன கிளாஸ்ல கையெழுத்து வச்சே கண்டுபிடிச்சிருவாங்க, அதனால டீச்சர் தவிர வேற யார் கைக்கும் பேப்பர் போகக்கூடாது, வாசிச்சு முடிச்சதும் கிழிச்சுரணும்.

---

பதில்: பிளஸ்ஒன்_மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரம் கழிச்சு வரேன். நடந்தத சொல்லுதேன்.

டீச்சர்ட்ட இந்த பேஜ காட்டுனேன், முழுசா படிச்சாங்க, கணக்கு வாத்தியார் சார் எழுதுனத ரெண்டு தடவ படிச்சாங்க. அப்புறம் ஹெச்.எம்ட்ட போயி கேட்டாங்க, கயிறுங்கிற வார்த்தை வரக்கூடாதுன்னு சொல்லி ஒத்துக்கிட்டாங்க. அந்த வார்த்தை வரவே இல்ல.

முதல்ல பசங்க பின்னாடி சிரிச்சாங்க, ரெண்டு பேரு வெத்து பேப்பர் குடுத்தாங்க. மத்தவங்க எழுதுனாங்க. டீச்சர் வாசிக்க வாசிக்க சத்தம் அடங்கிருச்சு. ஒருத்தர், எங்க தாத்தாவ ஒரு சின்னப் பையன் பேர சொல்லி ஏ வாடான்னு கூப்பிட்டான், தாத்தா சரிங்கய்யான்னு போனாரு, அன்னைக்கு தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க. ஒருத்தர் கோவில் கொடைல, ஒருத்தர் ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ல. சார் இத படிக்கீங்கன்னு தெரியும், அந்த லிஸ்ட் மூணு பேப்பர்ல வந்துச்சு. ஒரு பையன், எங்க அண்ணன் கைய நீட்ட சொன்னான்னு எழுதியிருந்தான், திருப்பூர் அண்ணா, நீங்க எழுதுனது மாதிரியே.

ஒரு பேப்பர டீச்சர் எடுத்துட்டு கொஞ்சம் நிறுத்துனாங்க. "ஒன்பதாவதுல. ஒருத்தி டிபன் பாக்ஸ எடுத்துட்டு வேற எடத்துக்கு போனா. அன்னைக்கு அவளுக்கு புடிச்ச கருவாட்டுக் குழம்பு கொண்டு போயிருந்தேன்."

கையெழுத்த பாக்க வேண்டிய தேவையே இல்ல. நான் திரும்பி பாக்கல, என்னால முடியல. பெல் அடிச்சதும் அவ போயிட்டா.

அக்கா, கோவில்பட்டி அக்கா, நான் இப்ப என்ன செய்ய? திங்கக்கிழமை மதியம் அவ பக்கத்துல போயி உக்காரலாம்னு இருக்கு, ஆனா திரும்பவும் வீட்ல தெரிஞ்சு நான் மறுபடி எந்திரிச்சு போயிட்டேன்னா அது இன்னும் கேவலம்.

---

பதில்: ரெண்டு_பிள்ளைக்கு_அம்மா

ஆமா கண்ணு, அதுதான் விஷயம். ரெண்டாவது தடவ எந்திரிக்கிற மாதிரி இருந்தா போயி உக்காராத. முதல்ல உங்க அம்மாட்ட பேசு. பெரியப்பாட்ட இல்ல, அப்பாட்ட கூட இப்ப வேண்டாம், அம்மாட்ட. அந்தப் பேப்பர்ல இருந்தத அப்படியே சொல்லு, கருவாட்டுக் குழம்போட.

---

பதில்: பிளஸ்ஒன்_மாணவி

அம்மா பீடி சுத்திட்டு இருக்காங்க. தம்பி தூங்கட்டும், அப்புறம் பேசுதேன்.